தாவுகுட்டியின் உயிர் இருப்பு

கண்காணிப்பாளர் உடையப்பன் தன் மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, "உக்காருங்க மதுரைவீரன்" என்று சொன்னபோது மதுரைவீரன் அதன் நுனியில் உட்கார்ந்தான். வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த நாற்காலியில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. கடைசியாக அதில் உட்காரவைக்கப்பட்டவர் சந்தோஷ்.

சந்தோஷின் கதை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பள்ளிகளுக்கென்று வாங்கிய விசில்களில் ஒன்றை எடுத்து அவர் ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வரவில்லை என்று எழுதினார். "நீங்க ஊதுறதுக்கு முந்தி யாராச்சும் இது ஊதலைன்னு சொன்னாங்களா?" என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றார். "அப்ப நீங்க வாயில வச்சதுக்கு அப்பறந்தான் கெட்டுப்போயிருக்கு." இப்போது அவர் அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் ஒரு கிட்டங்கியில் அதே விசில்களுக்குக் காவல் இருக்கிறார்.

கையடக்கக் கற்றல் கருவிகள் ஆய்வு அலுவலகம் கீரனூரில், திருச்சி சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. மாணவர்களுக்கு வாங்கப்போகும் சிறு பொருள் எதுவானாலும் முதலில் ஒன்று இங்கே வரும். அதன் நிறை என்ன, குறை என்ன என்று ஆராய்ந்து எழுத வேண்டும். நிறை எழுதுவதில் அந்த அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை. ஓடாத கடிகாரத்துக்கு 'அமைதியானது' என்று எழுதியிருந்தார்கள். அடியில் ஓட்டையோடு வந்த தண்ணீர்ப் புட்டிக்கு 'கழுவ எளிது' என்று எழுதியிருந்தார்கள். குறை என்ற இடத்தில் மட்டும் எப்போதும் ஒரே சொல்: இல்லை.

குறையைக் கண்டவரே குறைக்குப் பொறுப்பு என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மாடியில் கீழே இருந்து ஏறிவரும் யூரியா வாடையைப் போல அது எல்லார் மூக்கிலும் இருந்தது.

"சென்னையிலேருந்து கடுதாசி வந்திருக்கு" என்று உடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "இத்தன வருஷமா ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கலையே, அப்பறம் எதுக்கு ஒங்க ஆபீஸுன்னு கேக்குறாங்க. இந்தத் தடவ ஒரு குறையாச்சும் அனுப்பணும். இல்லாட்டி இழுத்து மூடிருவாங்களாம். சின்னதாப் போதும்."

"எதுலங்கய்யா?"

உடையப்பன் இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான பச்சை நிறக் கருவி ஒன்றை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு சின்னத் திரை. இடப்பக்கம் நகர்த்தும் பட்டன்கள். வலப்பக்கம் தாவும் பட்டன். மேலே 'தாவுகுட்டி' என்று எழுதியிருந்தது.

"வீடியோ கேமு. ஒரு வெள்ளாட்டுக் குட்டி பாறைக்குப் பாறை தாவி எலை பொறுக்கும். எலைய எண்ணுனா கணக்கு வருமாம். பள்ளத்துல விழாம இருந்தா கவனம் வருமாம். நீங்க ஆடிப் பாத்து எழுதணும்."

"எனக்கு இதெல்லாம் ஆடத் தெரியாதுங்கய்யா."

"தெரிஞ்சிருந்தா ஒங்களக் கூப்பிட்டிருக்கவே மாட்டேனே. தெரிஞ்சவன் நாலு குறை சொல்லிப்புடுவான். நமக்கு ஒண்ணு போதும்." அவர் சிரித்தார். "குறை எழுதுறது தப்பில்ல. கீழ பேரு போடணும் பாருங்க, அதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. ஒங்களுக்கு இந்த மாசத்தோட தகுதிகாண் பருவம் முடியுதுல்ல?"

ஆட்டின் முதுகைத் தடவிக் கறி பார்ப்பவர் கேட்பதைப் போல இருந்தது அந்தக் கேள்வி.

மதுரைவீரனின் அப்பா இதே துறையில் ஜீப் ஓட்டியவர். பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு மதுரைவீரன் கொடுத்த மனு, அவன் தலை நரைக்கத் தொடங்கும்வரை மேசை மேசையாக நடந்தது. வேலை வந்தபோது அவனுக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை; எங்கே தவறி எழுதிவிட்டார்களோ, திரும்பக் கேட்பார்களோ என்றுதான் தோன்றியது. தகுதிகாண் பருவம் முடிந்தது, பணி திருப்தி என்று மாவட்ட அலுவலர் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலை அவனுடையது. அதுவரை ஒரு வரியில் அனுப்பிவிடலாம். அந்த ஒரு வரி எப்படி இருக்கும் என்று அவன் பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வருவான்.

கருவியைத் தன் இடத்துக்கு எடுத்துப்போய் இயக்கினான். குட்டி வந்து நின்றது. வெள்ளை உடம்பு, கழுத்தில் மணி. ஒன்றும் செய்யாமல் விட்டால் சும்மா நிற்கவில்லை. பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டது. அவன் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் ஆடுகளும் அப்படித்தான் செய்யும்.

தாவும் பட்டனைத் தொட்டான். சின்னதாகத் துள்ளியது. அமுக்கிப் பிடித்தான். உயர எழும்பி, உச்சியில் ஒரு கணம் யோசிப்பதைப் போல நின்று, இறங்கியது. அந்தரத்தில் இருக்கும்போதே அதைத் திருப்பவும் முடிந்தது. தன் வாழ்நாளில் தான் நினைத்த இடத்துக்குத் தான் நினைத்த நேரத்தில் ஒன்று போய்ச் சேர்வதை மதுரைவீரன் அப்போதுதான் பார்த்தான். வாயைத் திறந்தபடி பாறை பாறையாகத் தாவவிட்டான்.

பிறகு இடது பட்டன் ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்த பிறகும் குட்டி இடப்பக்கமே ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. விழும்போது நாலு காலும் மேலே தூக்கி, திரையிலிருந்து நேராக அவன் கண்ணைப் பார்த்தது. அடுத்த குட்டி கொஞ்ச தூரம் போனது. அங்கே ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழே என்ன இருக்கிறது என்பதைத் திரை காட்டவில்லை. பாறை இருக்கும் என்று நம்பிக் குதிக்கவிட்டான். பாறையில்லை, முள். அதுவும் அவனைப் பார்த்துக்கொண்டே போனது.

மூன்றாவது குட்டி ஒரு பெரிய பள்ளத்துக்கு மேலே தாவியபோது அவனுக்குத் தாங்கவில்லை. நிறுத்தும் பட்டனை அழுத்தினான். குட்டி அந்தரத்தில் நின்றது. முன்னங்கால்கள் நீட்டியிருந்தன. எதிர்ப்பாறையின் விளிம்பு எட்டுமா எட்டாதா என்று சொல்ல முடியாத தூரத்தில் இருந்தது.

"ஆச்சா?" என்று உடையப்பன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையின் மூலையைப் பார்த்தார். முகம் மாறியது. "அபிராமி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க. இதுல எத்தன தெரியுது?"

பொருள் இருப்புப் பிரிவைப் பார்க்கும் அபிராமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒண்ணு."

"நீங்க இருப்புல ஏத்துனது?"

"கருவி ஒண்ணு, சார்ஜர் ஒண்ணு, குட்டியோட உயிர் மூணு."

"உயிர எதுக்குங்க ஏத்துனீங்க?" என்று மதுரைவீரன் கேட்டான்.

"வாங்குறப்பப் போட்டுப் பாத்தேன். மூலையில மூணுன்னு இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியிற எண்ணையெல்லாம் ஏத்தணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஆடிட்ல நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

உடையப்பன் மெதுவாகக் கேட்டார். "மிச்சம் ரெண்டு எங்க, மதுரைவீரன்?"

"விழுந்துருச்சுங்கய்யா."

"எங்க?"

"பள்ளத்துல ஒண்ணு. முள்ளுல ஒண்ணு."

"பள்ளம் எங்க இருக்கு?"

மதுரைவீரன் திரையைக் காட்டினான். உடையப்பன் குனிந்து பார்த்தார். பிறகு கருவியின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அய்யா, அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா மூணும் வந்துரும்னு கூட வந்த தாள்ல இருக்குங்க. இதுல பாதியில சேமிச்சு வைக்கிற வசதி கெடையாது. எப்ப அணைச்சாலும் மொதல்லேருந்துதான். அதையேகூட ஒரு குறையா எழுதிக்கலாங்க..."

"அணைக்கிறதா!" உடையப்பன் இரண்டு கையையும் கருவிக்கு மேலே குடைபோல விரித்தார். "ஒரு உயிரு இன்னும் மிச்சமிருக்கு. அணைச்சா அதுவும் போயிருமுல்ல? அப்பறம் எங்கிருந்தோ புதுசா மூணு வரும். அது நம்ம மூணா? உள்ள இருந்த சரக்க எடுத்துட்டு வேற சரக்க வச்சா அதுக்குப் பேரு என்ன? சொல்லுங்க."

மதுரைவீரன் கருவியிலிருந்து விரலை விலக்கிக்கொண்டான்.

அன்று பிற்பகலே குறிப்பாணை வந்தது. அரசு உடைமையான வெள்ளாட்டுக் குட்டியின் இரண்டு உயிர்களைத் தம் கவனக்குறைவால் இழக்கச் செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலர் நேரில் வந்து விசாரிப்பார். அதுவரை குட்டி உள்ளது உள்ளபடி, அதே நிலையில், அதே பள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது விதி என்பதால், கருவியைக் குற்றம் சாட்டப்பட்டவரே வீட்டுக்கு எடுத்துப்போய் மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குன்றாண்டார்கோவில் பேருந்தில் அவன் கருவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். கம்பியைப் பிடிக்கவில்லை. பேருந்து திரும்பும்போதெல்லாம் பக்கத்து ஆட்கள் மேல் சாய்ந்தான்.

"ஏண்ணே, கையில என்ன, கோழிக்குஞ்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆடுங்க."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் ஊர் வரும்வரை இவன் பக்கம் திரும்பவேயில்லை.

அவன் மனைவி செவந்தி கொட்டிலில் ஆடுகளுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த கயிற்றை விடாமல் கேட்டாள்.

"இங்க நாலு உருப்படி நிக்குது" என்றாள். "போன மழையில ஒண்ணு காச்சல்ல கெடந்துச்சு. எட்டிப் பாத்தீங்களா? இத மட்டும் புள்ளத்தாச்சி மாதிரி ஏந்திக்கிட்டு வாரீங்க. அணைச்சுப் போட்டுத் தொலைங்க."

"அணைச்சா வேல போயிரும்."

"அணைக்காட்டி?"

அவன் கருவியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். இரண்டு பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குட்டி அந்தரத்திலேயே இருந்தது. ஓர் ஆடு வந்து கருவியை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

"எட்டாதுபோல இருக்கே" என்றாள் செவந்தி கடைசியில். அவள் குரல் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை வரும்வரை அந்த வீட்டில் மிக்சி போடவில்லை. எதைப் போட்டாலும் ஃபியூஸ் போய்விடுமோ என்று பயம். மின்சாரம் போகும்போதெல்லாம் மதுரைவீரன் மூலையிலிருந்த பேட்டரிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நாலு கால்கள் மேலே தூக்கியபடி வந்தன.

மாவட்ட அலுவலர் தனலட்சுமி புதுக்கோட்டையிலிருந்து ஜீப்பில் வந்தார். விளையாட்டு சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு வல்லுநரும் குழுவில் இருக்க வேண்டுமாம். ஓய்வுபெற்ற கபடி நடுவர் எழிலரசனைக் கூட்டி வந்திருந்தார். மதுரைவீரனின் தகுதிகாண் கோப்பு அம்மையார் முன்னால் கிடந்தது. அதன் நாடா அவிழ்க்கப்படாமல் இருந்தது. அவன் கண் அந்த முடிச்சிலேயே நின்றது.

"நான் சர்வீஸ்ல ஒரு பட்டனக்கூட அழுத்துனதில்ல" என்று அம்மையார் விசாரணையைத் தொடங்கினார். "லிஃப்ட்லகூட வேற யாராச்சும் வந்து அழுத்துறவரைக்கும் நிப்பேன். சில நாள் யாரும் வரமாட்டாங்க. நின்னுக்கிட்டே இருந்துட்டு வீட்டுக்குப் போயிருவேன். அதனாலதான் என் மேல ஒரு மெமோ கெடையாது. நீங்க இன்னும் தகுதிகாண் பருவமே முடிக்கல, அதுக்குள்ள மூணு பட்டன் அழுத்தியிருக்கீங்க."

"ஆடிப் பாத்து எழுதச் சொன்னாங்கம்மா."

"எழுதத்தான சொன்னாங்க?"

"ஆடிப் பாக்காம எப்படிம்மா..."

"நாங்கள்ளாம் எப்படி எழுதுனோம்?" அம்மையார் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் அடக்கமாகத் தலைகுனிந்தார். "சரி, என்ன கண்டீங்க? சொல்லுங்க."

மதுரைவீரன் சொன்னான். தாவுவது நன்றாக இருக்கிறது, தொடுவதற்கேற்பத் தாவுகிறது, அந்தரத்தில் திருப்ப முடிகிறது என்றான். குட்டி சும்மா நிற்கும்போது காதைச் சொறிகிறது என்றான். அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது பட்டன் ஒட்டுகிறது, கீழே இருப்பது தெரியாமல் குதிக்க வேண்டியிருக்கிறது, பாதியில் சேமிக்க வழியில்லை, வெயிலில் திரை தெரியவில்லை என்றும் சொல்லி முடித்தான்.

"நிறைக்கு அத்தாட்சி என்ன? நீங்க சொன்னதுதான். குறைக்கு அத்தாட்சி இருக்கு. ரெண்டு உயிரு." அம்மையார் கோப்பின் மேல் விரலால் தட்டினார். "ஆக, குட்டிய வழிநடத்துனது நீங்க. விழுந்தது ஒங்க கையில. அப்ப இது கருவியோட குறையா, ஒங்க குறையா?"

மதுரைவீரன் தன் விரலைப் பார்த்தான். பட்டன் ஒட்டியதா, தன் விரல்தான் ஒட்டியதா என்று யோசித்தான்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த எழிலரசன் தொண்டையைக் கனைத்தார். "கபடியில நம்ம ஆளு வெளிய போயிட்டாலும், எதிராளியத் தொட்டா ஒருத்தன் திரும்ப உள்ள வருவான். இதுல அப்படி எதுவும் உண்டா தம்பி?"

"உண்டுங்கய்யா. அம்பது எலை சேத்தா ஒரு உயிர் கூடும்னு தாள்ல இருக்கு."

அம்மையார் நிமிர்ந்தார். "மீட்பு! இழந்தத இழந்தவர்கிட்டயிருந்தே மீட்கணும். அதான நடைமுறை. ரெண்டு உயிரும் இவரே சேத்துக் குடுத்துட்டா விசாரணைய முடிச்சுக்கலாம்." கோப்பின் நாடாவில் கை வைத்தார். "இதையும் பாத்துரலாம்."

மதுரைவீரன் கருவியை எடுத்தான். "அழுத்தட்டுமாம்மா?"

"நான் அழுத்தச் சொல்லல. அழுத்துறதுக்குத் தடையில்லன்னு சொல்றேன்."

அவன் விரல் வேர்த்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு நிறுத்தத்தை விடுவித்தான். அந்தரத்தில் கிடந்த குட்டி இறங்கியது. முன்னங்கால் குளம்பு விளிம்பில் பட்டது. உடம்பு தொங்கியது. குட்டி பின்னங்காலால் பாறையை உதைத்து உதைத்து மேலே ஏறிவிட்டது.

"பிடிச்சிருச்சு!" என்று அபிராமி கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

இதுவும் ஒரு நிறைதான் என்று மதுரைவீரனுக்குத் தோன்றியது. விளிம்பில் குளம்பு பட்டால் போதும், விழ விடுவதில்லை. இப்படி ஓர் இரக்கத்தை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒட்டும் பட்டனை அமுக்காமல் தட்டித் தட்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். வழியில் குறுக்கும் நெடுக்கும் நடந்த முள்ளம்பன்றி திரும்பும்வரை காத்திருந்து தாவினான். இலை இலையாகச் சேர்ந்தது. மூலையில் ஒன்று, இரண்டானது. இரண்டு, மூன்றானது.

"போதும், நிறுத்துங்க!" என்றார் உடையப்பன்.

ஆனால் குட்டி அப்போது தானாக ஓடும் ஒரு பலகையில் நின்றது. பலகை போகிற வழியெல்லாம் மேலிருந்து இலைகள் தானாக உதிர்ந்தன. அவன் பதறி நிறுத்தும் பட்டனைத் தேடி அழுத்துவதற்குள் மூலையில் நான்கு வந்துவிட்டது.

"நாலு" என்றார் அபிராமி. அவர் பேனா அந்தரத்தில் நின்றது.

அம்மையார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இருப்பு கொறைஞ்சா, இங்கிருந்து போயிருக்குன்னு அர்த்தம். கூடுனா, எங்கிருந்தோ வந்திருக்குன்னு அர்த்தம். கொறைஞ்சது சின்னக் கேசு. கூடுனதுதான் விஜிலென்ஸ்."

"அம்மா, கேமுதாங்க குடுத்துச்சு."

"கேம வரச்சொல்லி வாக்குமூலம் வாங்கவா? ஒண்ணக் கழிங்க."

மதுரைவீரனுக்குப் புரிய நேரமாயிற்று. "தள்ளிவிடச் சொல்றீங்களா?"

"தள்ளிவிடச் சொல்லல. உபரிய நீக்கச் சொல்றேன்."

"தவறவிடுறது ஒங்களுக்குப் பழக்கந்தான?" என்றார் உடையப்பன் ஆறுதலாக.

அவன் குட்டியை அடுத்த பள்ளத்தின் ஓரத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தினான். கீழே என்ன இருக்கிறதென்று வழக்கம்போலத் திரை காட்டவில்லை. குட்டி பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டது. இத்தனை நாளும் இது விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அவன் சோறு தண்ணியில்லாமல் கிடந்தான். இப்போது அதே கையால் தள்ள வேண்டும். முன்பு அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுந்தவை தவறி விழுந்தவை. இது பார்த்தால் அவன் எங்கே போய் ஒளிந்துகொள்வது?

நாடா அவிழும் சத்தம் கேட்டது. அம்மையார் கோப்பைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அவனைப் பார்க்கவில்லை.

அவன் அழுத்தினான்.

குட்டி திரைக்குக் கீழே மறைந்தது. முன்பு குட்டிகள் விழுந்தபோது வந்த அழுகிற இசை வரவில்லை. வேறொரு இசை வந்தது. பள்ளத்துக்கு அடியில் ஒரு குகை இருந்தது. குகை முழுக்க இலை. சரிவில் குட்டி உருண்டு உருண்டு இலைகளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. மூலையில் ஐந்து வந்தது. ஆறு. ஏழு.

"நிறுத்துங்க!"

"நிக்க மாட்டேங்குதுங்கம்மா!"

"எட்டு" என்றார் அபிராமி. "ஒம்போது. அம்மா, நான் ஏத்தட்டுமா வேணாமா? கண்ணுக்குத் தெரியுதே! பத்து..."

"குடுங்க இங்கிட்டு!" அம்மையார் எழுந்து அவன் கையிலிருந்து கருவியைப் பறித்தார். எங்கெங்கோ அமுக்கினார். தன் பணிக்காலத்தில் அவர் அழுத்திய முதல் பட்டன் எது என்று யாருக்கும் தெரியாது. திரை கறுத்துப் போனது.

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு ஹாரன். பிறகு அதுவும் இல்லை. கறுத்த திரை அம்மையாரின் கையில் இருந்தது. எல்லாரும் அந்தக் கையைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். மதுரைவீரன் தரையைப் பார்த்தான். கடைசியில் யாராவது பேசினால் அது தன் பேராகத்தான் இருக்கும் என்று காத்திருந்தான்.

"கரண்ட் போயிருச்சுபோல" என்றார் உடையப்பன்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அபிராமி எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆமா, போயிருச்சு" என்றார் எழிலரசன், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

நியாயமான ஒரு மின்வெட்டு எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் ஐந்து பேரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அபிராமி மின்விசிறியைப் போட்டார். கருவியையும் போட்டார்கள். மூலையில் மூன்று என்று வந்தது.

"இருப்பு சரி" என்று அபிராமி எழுதினார்.

சென்னைக்கு ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. அதை அம்மையாரே சொல்லச் சொல்ல உடையப்பன் எழுதினார். ஆய்வுக்கு ஒரே ஒரு கருவி மட்டும் அனுப்பப்பட்டிருப்பது பெருங்குறை. மாவட்டத்துக்கான கருவிகள் அனைத்தையும் அனுப்பினால் மட்டுமே முழுமையாக ஆய்வு செய்ய இயலும். யாரும் கண்டுபிடிக்காத, யார் மேலும் விழாத அந்தக் குறையை அனைவரும் ஒருமுறை வாசித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

"அவ்வளவும் வந்தா பொறுப்பு யாரு எடுத்துக்குறது?" என்று உடையப்பன் கேட்டார். "தகுதிகாண் பருவத்துல இருக்குறவர் பேர்ல போட முடியாதுங்களே. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பிடிக்கிறதுக்கு நிரந்தரமான ஆளு வேணும்."

அம்மையார் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பணி திருப்தி என்று எழுதி, சிக்கனமாகக் கையெழுத்துப் போட்டார். மதுரைவீரன் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்துவிட்ட கையெழுத்து அது. நேரில் பார்க்க ரொம்பச் சின்னதாக இருந்தது.

அடுத்த மாதம் லாரி வந்தது. அட்டைப்பெட்டிகள் உரக்கடை மாடியின் கூரைவரை ஏறின. அனைத்தும் நல்ல நிலையில், முழு இருப்போடு பெற்றுக்கொள்ளப்பட்டன என்று மதுரைவீரன் லாரிக்காரரின் தாளில் நிரந்தரப் பணியாளராகக் கையெழுத்துப் போட்டான். லாரி போனது. அபிராமி முதல் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கருவியாக இயக்கி உயிரை ஏற்றத் தொடங்கினார். ஏற்றியதை இனி அணைக்கக் கூடாது என்பது உத்தரவு. சுவரெல்லாம் பிளக்குகள். அலமாரித் தட்டில் வரிசையாகக் குட்டிகள் நின்று காதைச் சொறிந்தன.

கைபேசி அடித்தது. செவந்தி.

"ஆர்டர் கையில குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"ஆத்தி! இனி ஒண்ணும் பயமில்லல்ல?" அவள் அங்கே சிரிப்பது கேட்டது. "என்னங்க, பேச்சக் காணோம்? ஏங்க, கேக்குதா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அபிராமியின் குரல் வந்தது.

"மதுரைவீரன், கொஞ்சம் இங்கிட்டு வாங்க. இதுல ரெண்டுதான் காட்டுது."